எங்கள் சிரிப்புக்கு ஒலிவாங்கி இல்லையா?

என் தங்கையின் மகன் கட்டாரில் ஒரு பண்டசாலையில் இரவு வேலை செய்கிறான். பிறந்தது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது ஒன்று கேட்டான்.

"மாமா, ராத்திரி முழுக்கப் பெட்டி அடுக்குற வேலை. காதுல மாட்டிக்கிட்டுச் செய்ய விடுறாங்க. பாட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. கேட்டுச் சிரிக்கிற மாதிரி நாடகம் ஏதாச்சும் சொல்லுங்களேன்."

நானும் உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் மூன்று, யாழ்ப்பாணத் தமிழில் இரண்டு, சென்னைத் தமிழில் இரண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, நம்ம பேச்சுல என்னா இருக்கு?" என்றான்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊவா மாகாணத்தின் மலைகளைப் பற்றி நான் எழுதிய செய்திகளையும் கட்டுரைகளையும் அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என் நாவில் ஒரு பெயரும் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அதன் விளைவே இந்தக் கட்டுரை. சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்தருள்க.

*

முதலில் அவனுக்கு நான் சிபாரிசு செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் பயன்படும்.

ஆங்கிலம் காதில் ஏறுமானால், பிபிசி வானொலி 4இல் 2008 முதல் 2014 வரை ஒலிபரப்பான 'கேபின் பிரஷர்' கேளுங்கள். ஜோன் ஃபினமோர் எழுதியது. ஒரேயொரு விமானத்தை வைத்துக்கொண்டு விமானக் கம்பனி நடத்தும் ஓர் அம்மாள், இரண்டு விமானிகள், அம்மாளின் அப்பாவி மகன். நான்கே நான்கு குரல்கள்தாம். அடுத்தது 'வுடன் ஓவர்கோட்ஸ்'. 2015இல் தொடங்கி 2022இல் முடிந்த பொட்காஸ்ட் நாடகம். சின்னஞ்சிறு தீவொன்றில் எதிரும் புதிருமாகக் கடை வைத்திருக்கும் இரண்டு மரணச் சடங்கு நடத்துநர்களின் போட்டி. சாவு வீட்டை வைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்க வைக்கலாமா என்று வியப்பீர்கள். மூன்றாவது, 2012இல் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்'. பாலைவனத்து ஊரொன்றின் உள்ளூர் வானொலிச் செய்தி போலவே நடக்கும். செய்திகள்தாம் விபரீதமானவை. வாசிப்பவரோ கொஞ்சமும் பதறமாட்டார்.

இம்மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. இவை எழுதப்பட்டவை. ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு இடைவெளியும் எழுதுமேசையில் திட்டமிடப்பட்டவை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று தமிழில் பொட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் வருகின்றவற்றில் பெரும்பாலானவை என்ன? இருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து கொள்கிறார்கள். ஒருவர் பேசுகிறார், மற்றவர் சிரிக்கிறார். பிறகு மற்றவர் பேசுகிறார், முதலாமவர் சிரிக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழிகிறது. அவர்கள் இருவரும் மகிழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. கேட்டவர் எதற்குச் சிரித்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. திண்ணைப் பேச்சின் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நகைச்சுவை என்று பெயர் சூட்டாதீர்கள்.

காதுக்கு எழுதுவது கடினமான வேலை. கேட்பவருக்கு முகம் தெரியாது, உடை தெரியாது, யார் உள்ளே வந்தார் என்பதும் தெரியாது. ஆகவே ஒரு பாத்திரம் வாயைத் திறந்த முதற் சொல்லிலேயே அதை அடையாளம் காட்டியாக வேண்டும். அரைமணி நேர நாடகத்துக்கு ஏறக்குறைய முப்பது பக்கம் எழுத வேண்டும். எழுதியதில் பாதியைக் கிழித்தெறிய வேண்டும். இந்த உழைப்புக்கு அஞ்சித்தான் நாம் 'சும்மா பேசுவோம்' என்று ஒலிவாங்கியைத் திறந்து விடுகிறோம்.

*

இவ்வுழைப்பு தமிழுக்குப் புதிதன்று. இலங்கைத் தமிழருக்குச் சிறிதும் புதிதன்று.

இலங்கை வானொலியில் 'சானா' சண்முகநாதன் தமிழ் நாடகப் பகுதியை வளர்த்த காலத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். சிறுகதையாளர் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' என்ற தொடரில், யாழ்ப்பாணத்துக் கிராமத்து வீடொன்று அதன் வம்பும் வழக்கும் மாறாமல் வானலையில் ஏறியது. மேடைத் தமிழே தமிழ் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான செயல். பின்னர் கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' வந்தது. ஒரு பஸ் கொண்டக்டர், ஒரு பஸ், ஒரே நடிகர். பயணிகள் எவரும் பேசமாட்டார்கள். ஆனால் பஸ் நிறையப் பயணிகள் இருப்பதை நாம் கேட்போம். 2014இல் அவர் கனடாவில் மறைந்தார். அந்தக் கொண்டக்டர் இன்னமும் மணியடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் 'கோமாளிகள் கும்மாளம்'. எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த இத்தொடர் பெற்ற புகழால் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமே வந்தது. ராம்தாஸ் மரிக்கார், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, செல்வசேகரன் உபாலி, பி.எச். அப்துல் ஹமீத் ஐயர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் கலந்த தமிழ், அக்கிரகாரத் தமிழ் என நான்கு தமிழ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம்தான் அந்த நாடகத்தின் உயிர். ஒருவர் சொன்னதை மற்றவர் தவறாக விளங்கிக்கொள்வார். அந்தத் தவறிலிருந்து சிரிப்புப் பிறக்கும். நாட்டில் நடந்ததும் அதுதானே! நாட்டில் நடந்தபோது மட்டும் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சிங்களத்தில் அன்னஸ்லி டயஸ், பேர்ட்டி குணதிலக்க, சாமுவேல் ரொட்ரிகோ மூவரின் 'விநோத சமய' இதேபோல் வீட்டுக்கு வீடு கேட்டது. தமிழ்நாட்டில் எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் ஆகியோரின் மேடை நாடகங்கள் ஒலிநாடாவாகிக் கடல் கடந்து போயின. பார்க்க வேண்டிய நாடகத்தைக் காதாலேயே பார்த்துச் சிரித்த தலைமுறை அது. ஆகவே தமிழனுக்குக் கேட்டுச் சிரிக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

சிறுவனாக நானும் எங்கள் காம்பராவில், அப்பாவின் றேடியோவுக்கு அருகே படுத்துக்கொண்டு மரிக்காரையும் அப்புக்குட்டியையும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அப்போது உறைக்காத ஒன்று, மருமகனின் கேள்விக்குப் பின்னர் இப்போதுதான் உறைக்கிறது. அந்த நால்வரில் எங்கள் அப்பாவைப் போலப் பேசிய ஒருவரும் இல்லை. நான்கு தமிழுக்கு ஆசனம் இருந்தது. ஐந்தாவது தமிழ் றேடியோவுக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

ராம்தாஸ் மீது எனக்குக் குறையில்லை. 2016இல் அவர் மறைந்த செய்தியைப் படித்தபோது சொந்தத்தில் ஒருவர் போனது போலிருந்தது. தமக்குத் தெரிந்த உலகத்தை அவர் எழுதினார். எங்களுக்குத் தெரிந்த உலகத்தை நாங்கள்தாம் எழுதியிருக்க வேண்டும்.

*

எங்கள் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில், கப்பலிலிருந்து இறங்கிய சின்னத் துரைமாருக்குத் தோட்டத் தமிழ் கற்பிக்கக் கைநூல்கள் அச்சிட்டார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே 'இங்கே வா!' என்பது. இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. எங்கள் மொழி முதலில் அச்சேறிய வழிகளில் ஒன்று இது. வா, போ, வெட்டு, தூக்கு. கட்டளையிடுவதற்காகக் கற்கப்பட்ட மொழி.

அதன் பிறகு அது துயரத்தின் மொழியாயிற்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், லயம், சம்பளம், மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது ஒலிவாங்கிகள் வரிசையாக வந்தன. வரத்தான் வேண்டும். வராமற் போயிருந்தால் அதுவே குற்றம். 2023இல், எங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் ஒலிவாங்கிகள் வந்தன. அதுவும் வேண்டியதே.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் வாயருகே வருகின்ற ஒலிவாங்கி ஏன் நாங்கள் அழும்போது மட்டும் வருகிறது?

இக்கேள்வியைப் பிறரை நோக்கி வீசிவிட்டு நான் தப்பிக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்னர், லயங்களின் கூரை ஒழுகுவது பற்றிக் கட்டுரை எழுத ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெருமழை. ஒரு மூதாட்டியின் காம்பராவில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அடுப்பின் மேல் ஒரு சட்டி, கட்டிலின் மேல் ஒரு வாளி. இருந்தாற்போல் அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மழை விட்டுருச்சு தம்பி, வாங்க வெளிய நின்னு பேசுவோம். உள்ளதான் இன்னும் விடல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அலுவலகத்துக்கு வந்து கட்டுரை எழுதினேன். சட்டியை எழுதினேன், வாளியை எழுதினேன், அவருடைய கண்ணீரை எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. ஆசிரியர் வெட்டவில்லை, நானே வெட்டினேன். 'துயரக் கட்டுரைக்குள் பகிடி எதற்கு?' என்று நினைத்தேன். கூரையைப் பற்றி அன்று நான் எழுதிய ஆயிரம் சொற்களையும்விடக் கூர்மையான வாக்கியத்தை அவர் சொன்னார். அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அவரை ஒரு பரிதாபப் பொருளாக நாடு முழுவதற்கும் காட்டினேன். கட்டுரை பாராட்டப்பட்டது.

*

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். எனக்கு அவை மனப்பாடம்.

"மக்கள் சிரிக்கின்ற நிலையிலா இருக்கிறார்கள்?" என்பார்கள். இப்படிக் கேட்பவர்கள் ஒருநாள் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று பார்க்கட்டும். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலைவருக்கும் வைத்திருக்கும் பட்டப்பெயர்களைக் கேட்கட்டும். கொழுந்து மலையில் நிரைக்கு நிரை பறக்கும் பகிடிகளைக் கேட்கட்டும். ஊவாவின் தேயிலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது கொழுந்து குறையும், மணம் கூடும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த வறட்சிதான். எங்கள் சிரிப்பும் அப்படி வந்ததே. வயிறு நிறைந்த பிறகுதான் சிரிக்க வேண்டும் என்பது வயிறு நிறைந்தவர்கள் எழுதிய சட்டம்.

"தோட்டத் தமிழில் நகைச்சுவை செய்தால் அந்த மக்களைக் கேலி செய்ததாகாதா?" என்பது இரண்டாவது. இது நியாயமான அச்சம். பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்திலேயே நான் 'வந்தாக, போனாக' என்று பேசியதைக் கேட்டு ஒரு விடுதி அறை முழுவதும் சிரித்தது. இரண்டு மாதத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். இன்று நீங்கள் வாசிக்கும் இந்தச் செந்தமிழ் அப்படி வந்ததுதான். ஆகவே அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு மருந்து மௌனமா? புதுக்கோட்டையும் மதுரையும் திருச்சியும் சேலமும் ஒரே லயத்தில் கலந்து, சிங்களத்தையும் துரைமாரின் ஆங்கிலத்தையும் விழுங்கிச் செரித்த மொழி அது. அந்த மொழியைப் பேசுவது பகிடி ஆகாது. அந்த மொழியில் சிந்திக்கின்ற ஒருவர் உலகத்தைப் பார்த்துச் சொல்வதே பகிடி. எழுதுகின்றவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எழுதினால், சிரிப்பின் முனை எங்களை நோக்கியிராது.

"கேட்பதற்குச் சரக்கு இருக்கிறதா?" என்பது மூன்றாவது. இருக்கிறதாவா? கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்று போதாதா? சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று கழித்த பிறகு, பறித்தவளின் கணக்கும் எழுதியவரின் கணக்கும் மோதும் இடம் அது. ஆண்டுக்கணக்கில் 'ஆயிரம் ரூபா' என்று கோஷம் போட்டு, 2021இல் வர்த்தமானியில் வந்தபோது அது 900உம் 100உமாகப் பிரிந்து வந்த கதையை எந்த நகைச்சுவை எழுத்தாளர் கற்பனையில் உண்டாக்க முடியும்? தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றிவந்து, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது. எங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை போகும் வழியும் அதுவே. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. கூடை சுமந்து நிற்கும் பெண்ணைப் படம்பிடித்துவிட்டு வெள்ளைக்காரர் நீட்டும் பணம், அவள் பகல் முழுவதும் பறித்த கொழுந்தின் கூலியைத் தாண்டினால் என்ன ஆகும்? மறுநாள் மலையில் கொழுந்து பறிக்க ஆளிருக்காது. புகைப்படத்துக்கு நிற்கப் பிரட்டுக் கூடும். அதற்கும் ஒரு கங்காணி முளைப்பார். அரைநாள் நின்றால் அரைப்பேர் போடுவார். பாருங்கள், ஒரு அத்தியாயம் எழுதியாயிற்று.

"பணம்?" என்பது கடைசி வாதம். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலியில் தொடராக வந்தபோது அதற்கு மக்கள் வங்கி விளம்பர அனுசரணை தந்தது. வங்கிக்கு நஷ்டம் வந்ததாகச் செய்தியில்லை! இன்று கலையகம் கூட வேண்டாம். ஒரு கைத்தொலைபேசி, சத்தத்தை அடக்கக் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறை, ஆறு குரல்கள் போதும். உண்மையான செலவு எழுதுகின்றவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி மாத்திரமே. தொழிற்சங்கங்களே, மலையகத்துக்காக லண்டனிலும் ரொறன்ரோவிலும் மாலை விழா எடுக்கும் சங்கங்களே, பொன்னாடைக்கும் பூமாலைக்கும் ஆகும் தொகையை ஒரே ஒரு ஆண்டு இப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பத்து அத்தியாயம் எழுத ஒரு இளைஞனுக்கு, அல்லது யுவதிக்கு, அது போதும். அத்துடன் ஒரு நிபந்தனை. தலைவரைக் கேலி செய்யும் காட்சி வந்தால் வெட்டச் சொல்லக் கூடாது. கூத்தில் கோமாளி ராசாவையே கேலி செய்வான். அதற்காக எந்த ராசாவும் கூத்தை நிறுத்தியதில்லை.

*

நிற்க. மருமகனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு 'அண்ணை றைற்' கேள் என்று சொல்லியிருக்கிறேன். 'கோமாளிகள்' கேள், ஆங்கிலத்தில் அந்த மூன்றையும் கேள் என்றேன். கேட்டுச் சிரிப்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் எப்படிச் சிரிக்க வைத்தார்கள் என்றும் கவனி என்றேன். ஒரு சின்ன இடம், நாலைந்து பேர், ஆளுக்கொரு பேச்சு. ஒரு தீவில் முடியுமானால் ஒரு லயத்திலும் முடியும். பத்துக் காம்பரா, நடுவில் ஒரு தண்ணீர்ப் பீலி. இதைவிட நல்ல நாடக அரங்கை எந்த பிபிசிக்காரர் கட்டித் தருவார்?

"மாமா, அப்ப நீங்களே எழுதலாமே?" என்றான்.

எழுதத் தொடங்கிவிட்டேன். ஐம்பது தாண்டிய பிறகு, பல்கலைக்கழகத்தில் தொலைத்துவிட்டு வந்த பேச்சைத் தேடிப் பிடிப்பது சுலபமாயில்லை. ஒவ்வொரு வரியையும் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறேன். பாதிக்கு மேல், "அண்ணே, இப்புடி யாரும் பேச மாட்டாங்க" என்று திருத்துகிறாள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இருக்கிறார்கள். அவர்கள் முந்திக்கொண்டால் என் தாள்களை மகிழ்ச்சியோடு கிழித்துப் போடுவேன்.

என்னுடைய முதல் காட்சி மட்டும் முடிவாகிவிட்டது. பெருமழைச் சத்தம். தகரத்தில், சட்டியில், வாளியில் மூன்று விதமாகச் சொட்டும் ஓசை. ஒரு பத்திரிகைக்காரன் குறிப்பேட்டுடன் மிகவும் சோகமான குரலில் கேள்வி கேட்கிறான். மழை ஓய்கிறது. மூதாட்டி வாசலை எட்டிப் பார்க்கிறார்.

அவர் சொல்ல வேண்டிய வரி உங்களுக்குத் தெரியும். இம்முறை அதை வெட்டமாட்டேன்.